நாகூர் முதல் கீழக்கரை வரை: மிதிவண்டியில் ஐந்து நாள்

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வழி சொல்லத் தெரிந்த நம் கரையோரப் பிள்ளைகள் பலருக்குப் பக்கத்து ஊரின் வழி தெரிவதில்லை. கீழக்கரையில் வளர்ந்தவர் அதிராம்பட்டினத்தைத் திருமணப் பத்திரிகையில் மட்டுமே கண்டிருப்பார். ஆகவே, கல்லூரி முடித்த மகன் பாஸ்போர்ட் எடுக்குமுன் இக்கரையை மிதிவண்டியில் கண்டு வர அனுமதி கேட்டால், பெற்றோரே, உடனே மறுத்துவிடாதீர்கள்.

நாகூரில் தொடங்கிக் கீழக்கரையில் முடிப்பதே நல்லது. தொலைவு 250 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தை, மாசியில் மழை ஓய்ந்திருக்கும். வாடைக்காற்று தெற்கே செல்பவரின் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். எதிர்த்திசையில் வருவோரை அதே காற்று வாட்டிவிடும்.

முதல் நாள், 131 அடி உயர மனாராவைப் பின்னே விட்டு, வேளாங்கண்ணி வழியாக வேதாரணியம் சேரலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கரை இது. 1930-இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்ததும் வேதாரணியத்தில்தான்.

அங்கிருந்து சாலை மேற்கே திரும்பும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகள் இப்பகுதியில் ஏராளம். ஒரு தென்னை காய்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதை இங்குள்ள விவசாயியிடம் கேட்டறியட்டும். இரண்டாம் நாள் முத்துப்பேட்டை. படகேறி அலையாத்திக் காட்டைக் காணாமல் புறப்பட வேண்டாம். அலையின் வேகத்தைத் தணிப்பதும், இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடமாவதும் அம்மரங்களின் வேர்களே.

மூன்றாம் நாள் அதிராம்பட்டினம் கடந்தால், மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. நான்காம் நாள் கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியே தொண்டி. ஐந்தாம் நாள் தேவிபட்டினம், இராமநாதபுரம் கடந்து, வள்ளல் சீதக்காதியின் கீழக்கரை. கருங்கல் தூண்கள் தாங்கும் அங்குள்ள பழைய ஜும்ஆப் பள்ளி, நம் முன்னோர் இந்த மண்ணின் சிற்பிகளைக் கொண்டே இறையில்லம் எழுப்பியதற்குச் சான்று.

பேருந்தில் செல்பவர் காண்பது பேருந்து நிலையத்தைத்தான். மிதிவண்டிக்காரரோ தாகத்துக்கு ஒரு வாசலில் நின்றாக வேண்டும். "எந்த ஊர் தம்பி? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியோடு தண்ணீர் வரும், பெரும்பாலும் சோறும் வரும்.

சில நிபந்தனைகளை மட்டும் விதியுங்கள். தனியாகச் செல்லலாகாது, மூவராவது வேண்டும். சுப்ஹு தொழுது புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழல் தேடி, அஸருக்குப் பின் எஞ்சிய தூரத்தை முடிக்க வேண்டும். மஃரிபுக்குப் பின் வண்டி ஓட்டக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் வேகமாகச் செல்லும். தலைக்கவசம், பின்புறச் சிவப்பு விளக்கு, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை உடனிருக்கட்டும். பயணத் தொழுகைக்கு மார்க்கம் தரும் சலுகையை மஹல்லா ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

அயல்நாட்டில் பல்லாண்டு உழைக்கப் போகும் பிள்ளை, தான் திரும்பி வரவேண்டிய கரை எதுவென்று ஒருமுறை தன் காலால் அளந்துவிட்டுப் போகட்டுமே!