கரிசற்காட்டு மேனியும் நியாசினமைடும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வெயிலுக்குக் குறைவில்லை. கரிசல் நிலத்திற் பருத்தி எடுப்போரும், மிளகாய்ப்பழம் பறிப்போரும், சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவோரும் பகலெல்லாம் அதன்கீழ் நிற்பவர்களே. அவ்வூர்களின் பெட்டிக்கடைகளில் இன்று முகப்பூச்சுப் பொட்டலங்கள் சரஞ்சரமாய்த் தொங்குகின்றன. அவற்றுட் பலவற்றின் புறத்தே, கண்ணுக்கெட்டாச் சிற்றெழுத்தில், நியாசினமைடு என்றொரு பெயர் காணப்படும். அப்பொருள் யாது, அதனால் ஆவதென்ன என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டுமென்பது எம் கருத்து.

இது பி3 என்னும் உயிர்ச்சத்தின் ஒரு வடிவமாகும். உணவில் இச்சத்துக் குன்றினால், வெயில் படும் கழுத்தும் புறங்கையும் கறுத்து வெடிக்கும், வயிறு கழியும், முற்றினாற் சித்தமும் கலங்கும். பெலாக்ரா என்பது அந்நோயின் பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளிடை அது பரவியபோது, தொற்றுநோயெனப் பலர் அஞ்சினர். உணவுக்குறையே காரணமென்று நாட்டியவர் டாக்டர் கோல்ட்பெர்கர். குறைந்த சத்து இன்னதென 1937-ல் எல்வேஜம் என்னும் பேராசிரியர் வழி தெரியவந்தது. நம் நாட்டில், தக்காணத்துச் சோளம் உண்போரிடைக் கண்ட அந்நோயைப்பற்றி டாக்டர் கோபாலனும் அவருடன் உழைத்தவரும் ஆராய்ந்து 1960-ல் எழுதினர். நம் சீமையார் கொறிக்கும் நிலக்கடலையில் இச்சத்து நிரம்ப உண்டு என்பதையும் இங்கே கூறிவைக்கிறோம்.

நிற்க. தோலின்மேற் பூசினால் விளைவதென்ன? தோலின் கருநிறப்பொருள் சில உயிரணுக்களில் உண்டாகி, சிறுசிறு பொதிகளாக மேலணுக்களுக்குச் செல்கிறது. அச்செலவை நியாசினமைடு ஓரளவு தடுக்கிறதென 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை கலந்த பூச்சைச் சில வாரம் இட்டுவரின் கரும்புள்ளிகள் சற்றே மங்கும். பிறவி நிறம் மாறாது. இதனினும் சிறந்ததாக எமக்குத் தோன்றுவது வேறொன்று: தோலிலுள்ள கொழுப்புப்பொருள்களைப் பெருக்கி, ஈரம் வெளியேறாவண்ணம் இது காக்கிறது. ஆடிக்காற்றிற் கன்னமும் புறங்கையும் வறண்டு சொரசொரக்கும் நம் மக்களுக்கு இதுவன்றோ வேண்டுவது! ஆயினும் இந்த நன்மையைச் சொல்லி இதனை விற்போரைக் காண்பதரிது.

விற்கப்படுவது வெண்மை. 1975-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் பூச்சை வெளியிட்டனர். நியாசினமைடு அதிற் சேர்ந்த சரக்கு. கறுத்த பெண்ணுக்கு உத்தியோகமும் வரனும் அரிதென்றும், பூசியபின் இரண்டும் எளிதென்றும் விளம்பரங்கள் பல்லாண்டு பேசின. 2020-ல் 'ஃபேர்' என்னும் சொல் நீங்கி 'குளோ' என்னும் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. பெண் பார்க்க வருவோர் வாயிலுள்ள 'நிறம் கொஞ்சம் மட்டு' என்னும் சொல்லோ நீங்கினபாடில்லை. வாங்குவோர் விரும்புவதையே வணிகர் தருகின்றனர் என்பாருமுளர். விருப்பத்தை விதைத்தவரே அதனைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகுமா?

சாதாரணப் பூச்சில் வெண்மை கிட்டாதவர் அடுத்து நாடுவது ஸ்டீராய்டு மருந்துகளை. அவை தோலை மெலிவித்து, முகத்தைச் சிவக்கச் செய்து, விட்டாலும் வருத்தும். அத்தகைய பூச்சுமருந்துகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென அரசாங்கத்தார் 2018-ல் விதித்தனர். பாதரசம் கலந்த போலிப் பூச்சுக்கள் இன்னும் கொடியன. மலப்புறம் ஜில்லாவில் அவற்றைப் பூசியோர் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமை 2023-ல் வெளிப்பட்டது.

நியாசினமைடு இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று; பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. ஆயினும் வெயிலை மறைக்காமல் அதனை மட்டும் பூசுவதாற் பயன் சிறிதே. சேலைமேல் ஆடவரின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டு கட்டிக் காட்டுக்குச் செல்லும் நம் பெண்டிர், பூச்சு வருமுன்னரே அவ்வழியைக் கண்டவர். பொட்டலத்தில் அடங்கிய சரக்கின் பெயர் இருந்தாற் போதும், அளவு கூறவேண்டுவதில்லை என்பதே இன்றைய நடைமுறை. நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும், வறட்சிக்கோ புள்ளிக்கோ எதற்கு உதவும் என்பதையும், கூலிவேலை செய்து அதனை வாங்குபவள் படிக்குமாறு தமிழிற் பெரிய எழுத்தில் அச்சிடச் சட்டம் செய்யவேண்டுமென யாம் கேட்கிறோம்.