வோல்ட் மீட்டர் மட்டும் போதாது

கொல்கத்தாவின் பெஹாலா சந்துகளில் ஓடும் டோட்டோ என்ற மின் ரிக்‌ஷாவுக்கு வோல்ட் மீட்டரே போதும், ஆம்பியர் அளப்பதெல்லாம் விலையுயர்ந்த வண்டிகளுக்கான ஆடம்பரம் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். முழுத் தவறு. அந்தத் தவறுக்கு அவர் காசு கொடுக்கப்போவதில்லை. சவுரஸ்தா மெட்ரோ வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்தான் கொடுப்பார்.

நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளை வரிசையாக இணைத்த வண்டி. நிற்கும்போது 50 வோல்ட், ஓடும்போது 48. இந்த 48 நல்லதா, கெட்டதா? வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்போது 40 ஆம்பியர் ஓடியிருந்தால் மொத்தத் தடை 0.05 ஓம், பேட்டரிகள் நன்றாகவே இருக்கின்றன. வெறும் 10 ஆம்பியருக்கே அந்த 2 வோல்ட் இறங்கியிருந்தால் 0.2 ஓம், ஒரு பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு டெர்மினல் பச்சை பூத்துக் கிடக்கிறது. துடைத்து முடுக்கினால் தீர்ந்துவிடும் கோளாறுக்கு நான்கு பேட்டரிகளையும் மாற்றச் சொல்வது இந்த அரைகுறை அளவை நம்பித்தான்.

மல்டிமீட்டர் 10 ஆம்பியரோடு நின்றுவிடும், மலிவான கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டுமே அளக்கும் என்கிறார் அந்தக் கட்டுரையாளர். உண்மைதான். ஆனால் 40 ஆம்பியரையும் மீட்டருக்குள் அனுப்பச் சொன்னது யார்? நெகட்டிவ் கேபிளில் 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட் (அளவு தெரிந்த மிகச் சிறிய தடை) ஒன்றைப் போட்டால் 40 ஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட் வரும். சாதாரண மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் அதைக் காட்டிவிடும்.

ஷன்ட் பேட்டரியைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார். எழுதுமுன் ஒரு பெருக்கல் போட்டிருக்கலாம். 40 ஆம்பியரில் ஷன்ட் எடுப்பது 1.2 வாட், பேட்டரி தருவது 1,900 வாட்டுக்கு மேல். டெர்மினலில் அரை வோல்ட் இறங்கினால் அங்கே 20 வாட் வெந்துபோகிறது. அதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

ஷன்ட் வாங்கக்கூட வழியில்லையா? 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் ஒரு மீட்டர் நீளத்தின் தடை சுமார் 1.1 மில்லிஓம். அதன் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் பாருங்கள், ஆம்பியர் தெரிந்துவிடும். செம்பு 25 டிகிரி சூடேறினால் கணக்கு 10 சதவீதம் பிசகும். மாங்கனின் ஷன்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 0.05 ஓமையும் 0.2 ஓமையும் பிரித்தறிய இந்தக் கேபிளே தாராளம்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் பாருங்கள். அதைப் பார்க்காமல் யாரையும் புது பேட்டரி வாங்கச் சொல்லாதீர்கள்.