'இப்போதான் பார்த்தேன்' என்று பொய் சொன்ன கட்டளை: உபுண்டு 25.10-ல் அப்டேட் நின்றது ஏன்?

2025 அக்டோபர் 9-ம் தேதி வெளியானது உபுண்டு 25.10. அதே மாதத்திலேயே ஒரு சிக்கல் வெளியே வந்தது. இதை நிறுவிய கணினிகள் சிலவற்றில், செக்யூரிட்டி அப்டேட்டைத் தானாகத் தேடும் வசதி சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. காரணம், 'டேட்' என்ற ஒரு சின்னக் கட்டளை.

என்ன மாறியது?

ஃபைல்களைப் பட்டியலிட, தேதி பார்க்க என லினக்ஸில் எழுத்தால் இயக்கும் சின்னச் சின்னக் கட்டளைகள் உண்டு. பல ஆண்டுகளாக இவை சி மொழியில் எழுதப்பட்ட குனு கருவிகளாக இருந்தன. மெமரி தொடர்பான பாதுகாப்புக் குறைகளைத் தவிர்க்க, 25.10-ல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட புதிய கருவிகளை உபுண்டு கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான்.

சிக்கல் எங்கே?

'டேட்' கட்டளையோடு 'ஆர்' என்ற குறியைச் சேர்த்தால், ஒரு ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று சொல்ல வேண்டும். புதிய கருவியோ அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல், இப்போதைய நேரத்தையே சொன்னது.

அப்டேட் மென்பொருள், 'கடைசியா எப்போ பார்த்தோம்?' என்று இந்தக் கட்டளையிடம்தான் கேட்கும். பதில் எப்போதும் 'இப்போதான்'. சரி, இன்னைக்கு வேண்டாம் என்று அது விட்டுவிடும். மறுநாளும் அதே கதை!

ஏன் தெரியவில்லை?

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். போர்டு குழப்பமாக இருந்தால் கண்டக்டரிடம் கேட்பீர்கள். மென்பொருளுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. வந்த பதிலை அப்படியே நம்பும். எரர் வந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். வந்ததோ சரியான வடிவத்தில் ஒரு தவறான பதில்.

வெளியீட்டை மாற்றவே கூடாதா?

மாற்றலாம். 2016-ல் குனு கருவிகளின் 8.25 பதிப்பில், ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை மாறியது. இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியது. பழகியவர்கள் பலர் எரிச்சலடைந்தார்கள். ஆனால் அந்த மாற்றம் திரையில் பார்க்கும் மனிதர்களுக்கு மட்டும்தான். இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பும்போது பழைய வடிவமே போனது. அதனால் அதை நம்பியிருந்த மென்பொருள்கள் தப்பின.

நமக்கு என்ன?

இந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால், தானாக அப்டேட் ஆகாத கணினிக்கு அந்தத் திருத்தமும் தானாக வராது, அதுதான் வில்லங்கமே. 25.10 வைத்திருப்பவர்கள் ஒருமுறை நாமாகவே அப்டேட் கொடுத்துவிட வேண்டும். கையால் செய்யும் அப்டேட்டை இந்தக் குறை பாதிக்கவில்லை. 24.04 எல்.டி.எஸ் பயன்படுத்துபவர்களுக்குக் கவலை இல்லை, அதில் இருப்பது பழைய குனு கருவிகள்தான்.

கடையிலோ அலுவலகத்திலோ லினக்ஸ் கணினியைக் கவனிப்பவர்கள், 'ஆட்டோ அப்டேட் ஆன்ல இருக்கு' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள்.