குளோரின் வாசனை வந்தால் போதுமா?

"குழாய்த் தண்ணியில குளோரின் வாடை குப்புனு அடிக்குது டாக்டர்... அப்புறம் எதுக்குக் கொதிக்க வைக்கணும்?"

என்னிடம் இப்படிக் கேட்பவர்களில் படித்தவர்கள்தான் அதிகம். கேஸ் விலை ஏறும்போதெல்லாம் கேள்வி இன்னும் பலமாக வரும்!

குளோரின் நல்ல காவல்காரன்தான், சந்தேகமில்லை. காலரா, டைஃபாய்டு கிருமிகளை ஒழித்துக்கட்டும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. பெயர்தான் வாயில் நுழையாது, ஆசாமி சுலபமாக நுழைந்துவிடுவார்! மனிதர்கள், கன்றுக்குட்டிகள், ஆட்டுக்குட்டிகள் என்று பலரது குடலிலும் குடியிருக்கும். மலத்தோடு வெளியேறும்போது கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 4 முதல் 6 பங்குதான் அதன் அளவு. குடிநீரில் நாம் கலக்கும் குளோரின் அந்த ஓட்டை ஒன்றும் செய்வதில்லை.

அமெரிக்காவில் மில்வாக்கி என்ற நகரம். மிச்சிகன் ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் குழாயில் விட்டார்கள். 1993 மார்ச், ஏப்ரலில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மருந்துக் கடைகளில் பேதி மாத்திரைகள் தீர்ந்துபோன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு நிலையத்தில் வடிகட்டும் வேலை சரியாக நடக்காததால் இந்த ஒட்டுண்ணி தப்பி வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்! நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்த எய்ட்ஸ் நோயாளிகள் பலர் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 7-ம் தேதி நகர மேயர் மக்களுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்." நம் பாட்டி சொன்னதேதான்!

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், போதும். சிலர் அக்கறையாகக் கொதிக்க வைத்துவிட்டு, சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எரித்த கேஸ்தான் தண்டம்.

"எங்க வீட்டில கேன் தண்ணிதான் டாக்டர்" என்கிறீர்களா? வேலூரில் கைக்குழந்தைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்து கவனித்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடைத்த தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும், நகராட்சித் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் இந்தத் தொற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏனென்றால் இது தண்ணீரில் மட்டும் வருவதில்லை, கை வழியாகவும் வரும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையோடு சோறு பிசைவது, கன்றைத் தடவிவிட்டுப் பிள்ளைக்கு முறுக்கு உடைத்துக் கொடுப்பது... உடம்புக்குள் பத்து உருண்டை போனாலே நோய் பற்றிக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இதனிடம் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். பேதியான பிள்ளையை, நின்றபிறகும் இரண்டு வாரத்துக்கு நீச்சல் குளத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கேயும் குளோரின்தானே!

இனி, என் வைத்தியத்தைப் பற்றி நானே சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் கழிச்சலுக்கு மருந்துகள் உண்டு. மாசிக்காய், ஜாதிக்காய், மாதுளம்பழத் தோல் எல்லாம் துவர்ப்பால் போக்கைக் கொஞ்சம் கட்டும். ஆனால் இந்த ஒட்டுண்ணியை ஒழிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சித்த மருந்து எதுவும் இல்லை. "மூணு வேளை லேகியம், பூச்சி செத்துடும்" என்று யாராவது சொன்னால், அவர் என்னைப் போலச் சித்த மருத்துவம் படித்தவராகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

கைக்குழந்தைக்குத் தண்ணீராகப் போகும்போது உரை மருந்தை உரைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். உயிரை எடுப்பது பூச்சியல்ல, உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவதுதான். ஒவ்வொரு தடவை போனதும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த சோறு, இட்லி கொடுக்கலாம். பட்டினி போடுவது பெரிய தப்பு. டாக்டர் எழுதித்தரும் துத்தநாக மருந்தை, போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடாதீர்கள். பெரியவர்கள் போடும் 'நிறுத்தும் மாத்திரை' குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கண் உள்ளே போய்விட்டது, சிறுநீர் வரவில்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். என்னைத் தேடி வரவேண்டாம்!

நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும். நின்ற மாதிரி இருந்து திரும்பவும் வரும். ஆங்கில மருத்துவத்தில் நிடாசாக்சனைடு என்ற மருந்து உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதுவும் சரியாகக் கைகொடுப்பதில்லை. ஆகவே புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டில் இருந்தால், கொதிக்க வைக்காத தண்ணீரை அவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. வழக்கமான மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் கண்ணில் படாது. தனிச் சாயம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரமாகியும் பேதி நிற்கவில்லை, ரிப்போர்ட்டில் 'ஒன்றுமில்லை' என்று வந்திருக்கிறது என்றால், "கிரிப்டோஸ்போரிடியம் பார்த்தீங்களா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாலும் சரிதான்.