பிரஷ் கட்டருக்கு பெட்ரோல்: கலவையும் கவனமும்

கேள்வி: தென்னந்தோப்பில் களை வெட்டவும், வாடகைக்கும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்துள்ளோம். ஆயில் கலந்த பெட்ரோல் தண்ணீர் பாட்டிலில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மழை முடிந்து அதை ஊற்றி ஓட்டியதில் பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டது. பங்க்கில் தண்ணீர் கலந்து விட்டார்களா?
(வாசகர், சங்ககிரி)

பதில்: பங்க்கைக் குறை சொல்லுமுன் பாட்டிலைப் பார்க்க வேண்டும். இப்போது கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உள்ளது. கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் இந்த எத்தனால், காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. மூடி சரியாக இல்லாத பாட்டிலில் மழைக்காலத்தில் ஈரம் சேரும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டூ டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்தே இயந்திரம் எரிபொருளை உறிஞ்சுவதால், ஆயில் இல்லாத கலவை உள்ளே போய் பிஸ்டன் தேய்ந்து இறுகிவிடுகிறது.

சந்தேகம் வந்தால் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, நிழலில் சற்று நேரம் வைத்துப் பார்க்கவும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் இயந்திரத்தில் ஊற்றக்கூடாது.

கலவை அளவு: இயந்திரத்தோடு வந்த கையேட்டில் உள்ள அளவே சரி. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. கண் அளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளக்கவும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும். கூடினால் புகையும், பிளக்கில் கரியும். பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு பெட்ரோலில் ஆயில் கலப்பதே இல்லை.

இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலக்கவும். வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மீதமுள்ளது தீரும்வரை ஓட்டி நிறுத்தவும்.

பாட்டிலை விட்டுவிடுங்கள்: இயந்திரம் போனால் பழுது பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலில் உள்ள பெட்ரோலைத் தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழைக்கவும். டியூபை வாயில் வைத்து பெட்ரோல் உறிஞ்சுவதும் இதே ஆபத்துதான்.

விற்பனைக்கல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க, 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அதில் இடமில்லை. இறுக மூடிய உலோகக் கேன் (25 லிட்டருக்கு மிகாமல்) வேண்டும். பங்க்கில் கேனைத் தரையில் வைத்தே நிரப்பவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பு வரை போகும். ஆகவே வீட்டுக்குள் வைக்காமல், பூட்டிய தனிக் கொட்டகையில் வைக்கவும். பக்கத்தில் வைக்கோல், சோளத்தட்டு போர் இருக்கக்கூடாது.

வயலில் ஊற்றும்போது:
1. இயந்திரத்தை நிறுத்தி, தோளிலிருந்து இறக்கி, 10 நிமிடம் ஆற விடவும். அவசரத்தில் சூடான சைலன்சர் மேல் சிந்தினால் தீப்பிடிக்கும்.
2. காய்ந்த புல் இல்லாத வெறும் தரையில் வைத்து ஊற்றவும். பீடி, சிகரெட், செல்போன் வேண்டாம்.
3. சிந்தியதைத் துடைத்து, பத்தடி தள்ளிக் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யவும்.
4. உடையில் பெட்ரோல் பட்டால் மாற்றிவிட்டு வேலையைத் தொடரவும்.
5. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மணலைக் கொட்டவும்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த நீரை ஊற்றவும். இங்க், பற்பசை தடவாமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.

வாடகைக்கு வெட்டப் போகும் ஆட்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்த பிறகே இயந்திரத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.