குளிர வைக்கத் தெரியாத விளக்கு

மணவூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் நண்பரின் வீடு. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் செயலிழந்து கட்டிலில் இருக்கும் அவருடைய தாயாருக்காக, சென்னையில் வேலை பார்க்கும் பேரன் அந்த அறையின் விளக்கையும் மின்விசிறியையும் குரலுக்கு இயங்கும்படி அமைத்துக் கொடுத்திருந்தான். நள்ளிரவில் ஒரு சுவிட்சுக்காக யாரையும் எழுப்ப வேண்டாமே என்ற நல்ல எண்ணம். நாம் போயிருந்த மாலையில் அந்த அம்மாள் ஒலிபெருக்கியைப் பார்த்துத் தெளிவாகவே சொன்னார்: "லைட்டக் குளுர வையி." அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது.

விளக்கை 'அணை' என்று சொல்ல வாய் கூசும் தலைமுறை அது. அவர்கள் விளக்கைக் குளிர வைப்பார்கள், மலையேற்றுவார்கள். பிறகு, பேரன் சொல்லிக்கொடுத்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். விளக்கு அணைந்தது. எல்லோரும் சிரித்தோம். நமக்கென்னவோ அந்தச் சிரிப்பு வீடு திரும்பும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்கருவி எந்த நிறுவனத்தின் சரக்கு என்பது இங்கே பொருட்டல்ல. அமேசானின் எக்கோ 2017இல் இந்தியச் சந்தைக்கு வந்தது, 2019இல் இந்தி கற்றுக்கொண்டது. கூகிளின் குரல்வழித் தட்டச்சில் 2017இலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. எனவே தமிழ் ஒலியை இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

சொல்லப்போனால் அதற்கும் வெகுகாலம் முன்பே வழி தெரிந்திருந்தது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்காகத் தமிழில் கேட்டு விடை சொல்லும் கருவி ஒன்றைத் திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில் சோதித்துப் பார்த்தார்கள். 2006இல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தது. மொழி முழுவதையும் கற்பிக்க அவர்கள் முனையவில்லை. தேவையான சில சொற்கள், அவற்றை ஊரார் சொல்லும் விதம், அவ்வளவே. ஒரு வீட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? லைட்டு, ஃபேன், மோட்டார், போடு, நிறுத்து. முப்பது நாற்பது சொற்களுக்குள் குடும்பம் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய பட்டியலுக்கு ஒவ்வொரு சொல்லையும் தொலைதூரக் கணினிக்கு அனுப்பி விடை கேட்க வேண்டியதுமில்லை. வீட்டிலிருக்கும் கருவியே போதும், இணையம் போனாலும் விளக்கு எரியும்.

சிக்கல் அந்த 'சொல்லும் விதத்தில்' இருக்கிறது. திருத்தணி, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960இல் தமிழகத்தோடு சேர்ந்த வட்டாரம். கோடு வரைபடத்தில்தான் விழுந்தது, நாக்குகளில் விழவில்லை. நண்பரின் மனைவி நகரிப் பக்கத்தவர். மாமியாருக்கு வியர்த்தால் அவர் வாயில் "ஃபேன் வெய்யி" என்றுதான் வரும். தெலுங்கில் அதற்குப் 'போடு' என்று பொருள். மாமியாரின் 'குளுர வையி'யோ நிறுத்தச் சொல்வது. ஏறக்குறைய ஒரே ஓசை, நேரெதிர் கட்டளை! ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளும் இதனால் குழப்பம் வந்ததில்லை.

மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் எவரும் தம் குரலைக் கொடையளிக்கலாம். நாமும் சில வாக்கியங்களை வாசித்தளித்தோம். எழுதிவைத்த வாக்கியத்தைப் பார்த்துப் படிக்கும்போது தானாகவே மேடைத்தமிழ் வந்துவிடுகிறது. கட்டிலில் கிடந்தபடி எவரும் அப்படிப் பேசுவதில்லை. கி.ரா. 1982இல் கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்து வெளியிட்டபோது அதைக் கொண்டாடிய வாசகர்கள் நாம். கதையில் வட்டார வழக்குக்காக வரிந்துகட்டும் நமக்கு, வீட்டுக் கூடத்தில் அது தோற்பது ஏன் ஒரு செய்தியாகவே படவில்லை?

அடுத்த முறை மணவூர் போகையில் ஒலிப்பதிவுக் கருவியோடு போவதென்று முடிவு செய்திருக்கிறோம். விளக்கை நிறுத்தச் சொல்ல அந்த ஒரு வீட்டில் மட்டும் இதுவரை ஆறு விதங்கள் காதில் விழுந்திருக்கின்றன. அந்த அம்மாளிடம் கேட்டால் இன்னும் இரண்டு மூன்று சொல்வார்.