பயணத்தை மண்டூரிலிருந்து எண்ணுங்கள்

கட்டுநாயக்கவிலிருந்து டோஹாவுக்குப் பறக்க ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். மண்டூரிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர அதைவிடக் கூடுதலாகச் செல்லும். ஹயருக்கு வான் பிடித்தால் ஏழு எட்டு மணித்தியாலம். மட்டக்களப்புக்குப் போய் இரவு ரயில் ஏறினால் அதற்கும் மேல். ஆனாலும் கட்டாருக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் டிக்கெட்டில் ‘நேரடி விமானம்’ என்றுதான் இருக்கும். டிக்கெட் தன் எண்ணிக்கையைக் கட்டுநாயக்கவில் தொடங்குகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருப்பவரின் பயணமோ வாவிக்கரையிலேயே தொடங்கிவிடுகிறது.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் எங்கே மாறுவது, எத்தனை தரம் மாறுவது, எது மலிவு என்று விசாரிக்கிறோம். அந்த விசாரணையில் மண்டூருக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையிலான துண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. அந்தத் துண்டைச் சுருக்குவது அரசின் கடமை. கட்டுநாயக்கவுக்கு அப்பால் உள்ள மாற்றங்களை ஒளிக்காமல் சொல்வது டிக்கெட் விற்பவர்களின் கடமை. இரண்டு கடமையும் இன்று சரியாக நிறைவேறவில்லை.

மண்டூரிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வர மூன்று வழிகள் உண்டு. மண்டூர்த் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரலாம். வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரலாம். தெற்கே கிட்டங்கியால் கல்முனைக்குப் போகலாம். மாரியில் கடுங்காற்று வீசினால் பாதை ஓடாது; வெள்ளம் ஏறினால் கிட்டங்கித் தாம்போதி மூழ்கும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாலம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை முதிர்ந்துவிட்டது. மண்முனைக்கு 2014இல் ஜப்பானிய உதவியோடு பாலம் வந்தபோது அந்தப் பக்கத்து மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதை இந்த மாவட்டம் கண்ணாரக் கண்டது. தெற்குக் கரை இன்னும் காத்திருக்கிறது. விமானப் பயணம் பற்றிய தலையங்கத்தில் பாலத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மார்கழி மழையில் பெட்டியும் கைப்பையுமாக மண்டூர்த் துறையில் வந்து நின்று பார்க்கட்டும்.

எழுவான்கரையை அடைந்த பிறகுதான் நெடும்பயணம் ஆரம்பமாகிறது. வெலிக்கந்தை, பொலநறுவை, ஹபரணைப் பக்கமாக இரவில் போனால் யானைப் பயம். ரயிலிலும் அதே கதைதான். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதும், ஆறு யானைகள் மாண்டதும் மறக்கக்கூடியவை அல்ல. ரயிலில் போனாலும் அது கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோய் விடாது. வெயாங்கொடையிலோ கம்பஹாவிலோ இறங்கி, இருட்டில் ஓட்டோ தேட வேண்டும். இந்த நிச்சயமின்மைக்குப் பயந்துதான் எமது குடும்பங்கள் ஒரு நாள் முந்திப் புறப்பட்டு, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குக் காசு கட்டுகின்றன. வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்த ஓரிரவுச் செலவு சின்னத் தொகையல்ல. கடன் வாங்கிப் புறப்படுபவள் அவள்.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு. சூரிச்சுக்குக் குளிர்காலத்தில் எடெல்வைஸ் நேரே பறக்கிறது. கனடாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆனால் டோஹா, டுபாய், அபுதாபி, இஸ்தான்புல் ஆகிய நான்கில் ஒன்றில் ஒரே ஒரு தரம் மாறி ரொறன்ரோவுக்குப் போய்விடலாம். அப்படியிருந்தும் இரண்டு தரம், மூன்று தரம் மாறிப் போகும் பயணங்கள் எமது வயோதிபர்களின் தலையில் கட்டப்படுகின்றன. காரணம் விலை. பிள்ளைகள் கைபேசித் திரையில் ஆகக் குறைந்த தொகையைப் பார்க்கிறார்கள். முகவரும் அதையே நீட்டுகிறார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, அரபும் வராது. நள்ளிரவில் ஓர் அந்நிய விமான நிலையத்தில் எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் அவர் நிற்கும் அந்த வேளைக்கு எந்தத் திரையிலும் விலை போட்டிருக்காது.

மாற்றங்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, அல்லது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்களா? ஒரே டிக்கெட் என்றால் பெட்டி வழமையாகக் கடைசி விமான நிலையம் வரை தானே போய்விடும். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமானக் கம்பனிக்கு இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைத்தால் சக்கர நாற்காலியோடு ஆள் வந்து ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குக் கொண்டுபோய் விடுவார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவழியில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, அந்த நாட்டின் குடிவரவைக் கடந்து, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். விமானம் தவறினால் அது அவரவர் பாடு. 2025 ஜூன் 23 அன்று கட்டார் திடீரென்று தன் வான்வெளியை மூடியபோது டோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளில் இறங்கின. அப்படியான நாளில்தான் ஒரே டிக்கெட்டின் அருமை தெரியும்.

விசாச் சிக்கல் இன்னொன்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறுவதற்கே, வெளியே காலடி வைக்காவிட்டாலும், விமான நிலைய இடைத்தங்கல் விசா கேட்கப்படும் பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பிரித்தானியாவும் இலங்கையரிடம் இடைத்தங்கல் விசா கேட்கிறது. அதற்கும் விலக்குகள் உண்டு. வேறு நாட்டுக்குப் போகிறவர், கடவுச்சீட்டைப் பற்றி யோசிக்காமல் ஐரோப்பா வழியாக டிக்கெட் போட்டால், கட்டுநாயக்கக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படலாம். எட்டு மணித்தியாலம் வந்த வழியே திரும்ப வேண்டும். டிக்கெட்டுக் காசும் பெரும்பாலும் போய்விடும்.

ஆகவே விதி ஒன்று வேண்டும். எத்தனை இடத்தில் மாற வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் தங்க வேண்டும், ஒரே டிக்கெட்டா, பெட்டியை எங்கே எடுப்பது, இடைத்தங்கல் விசா தேவையா என்பவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ, பயணியின் மொழியில் எழுதிக் கொடுக்காமல் எந்த முகவரும் டிக்கெட் விற்கக் கூடாது. அரைப் பக்கத் தாள் போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் முகவர்கள் இதைச் சுமையாக எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அரசின் பங்குதான் பெரியது. மட்டக்களப்பு நகரை ஒட்டி வாவிக்கரையிலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறது. போர்க்காலத்தில் விமானப்படையின் கையில் இருந்ததை ஓடுபாதை திருத்தி 2018 மார்ச்சில் உள்நாட்டுச் சிவில் விமான நிலையமாகத் திறந்தார்கள். ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். அதற்குப் பின் நடந்தது மிகக் கொஞ்சம். கைவிரல்விட்டு எண்ணக்கூடிய பயணிகளை ஏற்றும் சின்ன விமானங்கள், உல்லாசப் பயணிகளின் கட்டணத்தில் வந்து போயின. மண்டூர்க்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் அங்கு யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. பெருந்தொற்றோடு நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ வந்து சேர்ந்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. எழுபது எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர். ரக விமானங்கள்தான் அங்கு வருகின்றன. அந்த ரகத்துக்கு மட்டக்களப்பு ஓடுபாதையின் நீளம் போதாது என்று சொல்வதற்கில்லை. குடிவரவு, சுங்கம், எரிபொருள், பயணிகள் மண்டபம் ஆகியவைதான் குறை. அவை அரசு மனம் வைத்தால் வரக்கூடியவை.

மத்தளையை எடுத்துக்காட்டி மறுப்பவர்கள் இருப்பார்கள். 2013இல் சீனக் கடனில் கட்டி, பயணிகள் வராமல் கிடந்த விமான நிலையம் அது. ஆனால் அங்கே பயணிகளைத் தேடாமல் கட்டடம் எழுப்பினார்கள். இங்கே ஓடுபாதையும் இருக்கிறது, பயணிகளும் இருக்கிறார்கள். 2024இல் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அந்த ஆண்டு வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. அதில் கிழக்கின் வியர்வைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. போதாதென்று, பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வரும் பயணிகளும் இதே நெடுஞ்சாலையில்தான் நாளை வீணடிக்கிறார்கள்.

விமானம் வந்தாலும் ஏழைத் தொழிலாளிக்கு அதன் கட்டணம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஆகாயத்துக்கு முன் தரையில் செய்யக்கூடியதை முதலில் கேட்கிறோம். கல்முனையில் புறப்பட்டு, களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு வழியாக நேரே கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் போய் நிற்கும் இ.போ.ச. சொகுசு பஸ், வளைகுடா விமானங்களின் நேரத்தை ஒட்டித் தினமும் இரண்டு தரம் ஓட வேண்டும். இதற்குக் கடனும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். திரும்பி வருபவர்களுக்கும் அதே பஸ். இரண்டு வருட உழைப்பைப் பெட்டியில் கட்டிக்கொண்டு தனியே வந்திறங்கும் பெண்கள், வெளியே மொய்க்கும் வாடகைக்காரர்களோடு பேரம் பேசும் நிலை அதோடு முடியும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு அடுத்த முறை கூடும்போது இந்த பஸ்ஸுக்கு நாள் குறிக்கட்டும். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கும் திருச்சிக்கும் ஏ.டி.ஆர். சேவை நடத்த விருப்பமுள்ள கம்பனிகளிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை பகிரங்கமாக விண்ணப்பம் கோரட்டும். கட்டுநாயக்கச் சேவை வரும்போது, அதில் ஏறுபவரின் பெட்டிக்கு மட்டக்களப்பிலேயே டோஹாவரை முத்திரை ஒட்டப்பட வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக எழுதட்டும். குருமண்வெளிப் பாலத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு பணம் என்பதை எமது மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒன்றாக எழுந்து சபையில் கேட்கட்டும். பதில் வரும்வரை நாமும் இந்தப் பத்தியில் கேட்டுக்கொண்டே இருப்போம்.